மிதிக்காமலே எரியும் பிரேக் லைட்: சுவிட்சை மாற்றும் முன் பெடலைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: காரை நிறுத்தி, சாவியை எடுத்து, கதவைப் பூட்டிய பிறகும் பின்னால் பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்கிறது. ஒரு ராத்திரி முழுக்க எரிந்து பேட்டரி இறங்கிவிட்டது. பிரேக் சுவிட்ச் போயிருக்கும், மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். மாற்றினால் சரியாகிவிடுமா?

சரியாகலாம். ஆனால் நல்ல சுவிட்சைக் கழற்றிப் போட்டுவிட்டு, புதிதாக மாட்டியதும் அதே மாதிரி எரிவதைப் பார்த்து முழிப்பவர்கள் நிறையப் பேர். இந்தக் கோளாறுக்குக் காரணங்கள் பல. அதில் ஒன்றிரண்டு வெறும் மின்சாரத் தொல்லை. ஒன்று மட்டும் உண்மையிலேயே ஆபத்தானது. எது என்று பிரித்துப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பெரும்பாலும் உங்கள் காலே போதும்.

முதலில் பேட்டரியைக் காப்பாற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளில் பிரேக் லைட்டுக்கு மின்சாரம் சாவியைக் கேட்காமல் பேட்டரியிலிருந்து நேராக வருகிறது. நிறுத்திய வண்டியிலும் பிரேக்கை மிதித்தால் லைட் எரிய வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். சாதாரண பல்பு ஒவ்வொன்றும் 21 வாட். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, மேலே நடுவில் ஒன்று என்று மூன்று எரிந்தால் 63 வாட்; 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 5 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே போய்க்கொண்டே இருக்கும். 45 ஆம்பியர் மணி பேட்டரி என்றால் எட்டு ஒன்பது மணி நேரத்தில் காலி. அதற்கு வெகு முன்பே ஸ்டார்ட்டரைச் சுற்றும் தெம்பு போய்விடும். மூன்றும் எல்.இ.டி. என்றால் இன்னும் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். எனவே கோளாறு கண்டுபிடிக்கும் வரை வண்டியை நிறுத்தும்போது ஃபியூஸ் பெட்டியில் 'ஸ்டாப்' என்று குறித்திருக்கும் ஃபியூஸைப் பிடுங்கி வையுங்கள், அல்லது பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வையுங்கள். ஃபியூஸைப் பிடுங்கிய நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது. சில வண்டிகளில் அதே ஃபியூஸில்தான் ஹாரனும் இருக்கும். ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் லீவர் பார்க் (P) நிலையிலிருந்து நகராமலும் போகலாம். மறுநாள் எடுக்கும் முன் திரும்பச் செருக மறக்காதீர்கள்.

இப்போது சோதனைக்கு வருவோம். பிரேக் லைட் எரிகிற நிலையில், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, பிரேக் பெடலுக்கு அடியில் கால் விரலை நுழைத்து, பெடலை மெதுவாக மேலே தூக்குங்கள். பின்னால் ஒருவர் நின்று பார்க்கட்டும். ஆள் இல்லையென்றால் இருட்டில் சுவர் பக்கமாகப் பின்புறத்தைத் திருப்பி நிறுத்தினால் சிவப்பு வெளிச்சம் கண்ணாடியில் தெரியும். பெடலைத் தூக்கியதும் லைட் அணைந்தால் சுவிட்ச் நன்றாகவே இருக்கிறது. பெடல் முழுசாகத் திரும்பி வரவில்லை, அல்லது சுவிட்சுக்கும் பெடலுக்கும் நடுவே இடைவெளி அதிகமாகிவிட்டது என்று பொருள். தூக்கியும் அணையவில்லையென்றால் விரலை விட்டு சுவிட்சைத் தேடுங்கள். பெடல் தண்டின் மேல்பகுதியில், ஸ்டியரிங்குக்குக் கீழே, இரண்டு அல்லது நான்கு ஒயர் போகும் சின்ன பிளாஸ்டிக் உருளைதான் அது. அதன் முனையில் விரல்நுனி அளவுக்கு ஒரு பொத்தான் நீட்டிக்கொண்டிருக்கும். அதை விரலால் முழுசாக உள்ளே அமுக்குங்கள். அப்போது அணைந்தாலும் சுவிட்ச் நல்ல சுவிட்ச்தான்.

ஏன் என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. அமுக்கினால் எரிகிற சுவிட்ச் என்று பலரும் நினைக்கிறார்கள். இது நேர்மாறாக வேலை செய்கிறது. கால் வைக்காதபோது பெடல் மேலே வந்து இந்தப் பொத்தானை அமுக்கி நிற்கும். அமுங்கி இருக்கும்வரை மின்தொடர்பு அறுபட்டிருக்கும். மிதித்ததும் பெடல் விலகும், பொத்தான் வெளியே வரும், தொடர்பு சேரும், லைட் எரியும். ஆகவே எந்தக் காரணத்தாலாவது பொத்தான் அமுங்காமல் போனால், நீங்கள் மிதித்துக்கொண்டிருப்பதாகவே வண்டி நினைத்துக்கொள்ளும்.

அப்படிப் பொத்தான் அமுங்காமல் போவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் மிகச் சின்ன ஒரு பொருள். பெடல் தண்டில், சுவிட்சின் பொத்தான் வந்து தொடும் இடத்தில் ஒரு ஓட்டை இருக்கும். அந்த ஓட்டையை அடைத்தபடி ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ ஒரு ஸ்டாப்பர், பொத்தான் மாதிரி, மாட்டியிருப்பார்கள். இரும்பும் பிளாஸ்டிக்கும் நேராக மோதாமல் இருக்க இந்த ஏற்பாடு. வருஷக் கணக்கில் வெயிலில் நின்ற வண்டியின் உள்சூட்டில் அது காய்ந்து, ஒருநாள் மிதித்து விடும்போது பொடிந்து உதிர்ந்துவிடும். அதன்பிறகு சுவிட்சின் பொத்தான் அந்த ஓட்டைக்குள் நேராகப் புகுந்துவிடும். அமுக்க ஆள் இல்லை. லைட் எரிந்துகொண்டே இருக்கும். முன்னறிவிப்பே கிடையாது. நேற்று வரை சரியாக இருந்தது, இன்று காலையில் இப்படி என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இதற்குச் சாட்சி தரையிலேயே கிடக்கும். ஓட்டுநர் பக்க மேட்டைத் தூக்கிப் பாருங்கள். சுண்டுவிரல் நகம் அளவில், ஓரம் பிய்ந்த பிளாஸ்டிக் துண்டுகள் இரண்டு மூன்று கிடைக்கும். விரலால் அழுத்தினால் மண்கட்டி மாதிரி உடையும். நிறம் வண்டிக்கு வண்டி மாறும். பழைய ஹோண்டாக்களில் நீலமோ பச்சையோ கலந்த நிறத்தில் பார்க்கலாம். அந்தத் துண்டைக் கண்டுவிட்டால் சுவிட்ச் பற்றிய பேச்சே வேண்டாம். கைபேசி டார்ச்சைப் பெடலின் மேல்பகுதிக்கு அடித்துப் பார்த்தால் காலியான ஓட்டையும் தெரியும்.

இது ஏதோ மலிவு வண்டியின் குறை என்று எண்ண வேண்டாம். ஹூண்டாய் நிறுவனம் 2015-இல் அமெரிக்காவில் சுமார் 3 லட்சம் சொனாட்டா கார்களை இதே ஸ்டாப்பருக்காகத் திரும்ப அழைத்தது. உடைந்தால் பிரேக் லைட் அணையாது என்பதோடு, பிரேக்கை மிதிக்காமலே கியரைப் பார்க்கிலிருந்து நகர்த்த முடியும் என்பதுதான் அங்கே பெரிய கவலை. சொந்தமாக ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பார்க்கிலிருந்து லீவரை விடுவிக்கும் பூட்டு, பிரேக் சுவிட்சின் சைகையை நம்பித்தான் திறக்கிறது. லைட் சதா எரிகிறது என்றால் அந்தப் பூட்டு சதா திறந்தே கிடக்கிறது. வண்டிக்குள் குழந்தை தனியாக இருந்து லீவரை இழுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பழுது பார்க்கும்வரை ஹேண்ட் பிரேக்கைப் போடாமல் இறங்காதீர்கள்.

புது ஸ்டாப்பர் மிகச் சின்ன உதிரிபாகம். வண்டியின் மாடலைச் சொல்லி பிரேக் பெடல் ஸ்டாப்பர் என்று கேட்டால் கிடைக்கும். மாட்டுவது பெடலின் ஓட்டையில் செருகி அமுக்குவதுதான். இடுக்கில் கை போவதுதான் சிரமம். பெடலை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டால் இடம் கிடைக்கும். கையில் கிடைக்கும் வரை வண்டி ஓட்டியாக வேண்டுமென்றால், அந்த ஓட்டையில் தலை தட்டையான சின்ன போல்ட்டை நுழைத்துப் பின்னால் நட்டை முறுக்கி வைக்கலாம். போல்ட்டின் தட்டைத் தலை சுவிட்சின் பொத்தான் பக்கம் இருக்க வேண்டும். பின்பக்கம் நீட்டும் போல்ட் வேறு எதிலும் உரசாமல், பெடல் முழுசாகக் கீழே போய் முழுசாகத் திரும்புகிறதா என்று பத்து முறையாவது மிதித்துப் பாருங்கள். பசை போட்டு எதையாவது ஒட்டுவது வேண்டாம். சூட்டில் கழன்று விழும். விழுகிற இடம் பெடலுக்கு அடியில்.

இன்னொரு குறுக்கு வழியைச் சிலர் செய்கிறார்கள். ஸ்டாப்பரை மாற்றாமல், சுவிட்சின் லாக் நட்டைத் தளர்த்தி, சுவிட்சையே பெடல் பக்கம் முறுக்கித் தள்ளி லைட்டை அணைத்துவிடுவார்கள். லைட் அணைந்துவிடும்தான். ஆனால் ஆபத்தானது என்று மேலே சொன்னேனே, அது பெடல் முழுசாகத் திரும்பாமல் நிற்பது. இந்த வேலை அதைக் கையாலேயே உண்டாக்கிவிடும். சற்று விளக்கமாகச் சொல்கிறேன்.

பெடலை மிதிக்கும்போது பிரேக் எண்ணெயை அழுத்திச் சக்கரங்களுக்கு அனுப்புவது பிரேக் மாஸ்டர் சிலிண்டர். அதற்குள், எண்ணெய்த் தொட்டிக்கும் சிலிண்டருக்கும் நடுவே மிகச் சின்ன துளை ஒன்று உண்டு. பெடல் முழுசாக மேலே திரும்பியிருக்கும்போது மட்டும்தான் அது திறந்திருக்கும். ஓட்டத்தில் பிரேக் சூடாகும், எண்ணெய் விரியும், விரிந்த எண்ணெய் அந்தத் துளை வழியாகத் தொட்டிக்குத் திரும்பிவிடும். சுவிட்சை அதிகமாகத் தள்ளிவிட்டால் அதன் உடல் பெடலை முட்டி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கீழேயே நிறுத்திவிடும். துளை மூடியே இருக்கும். காலையில் வண்டி சாதாரணமாகத்தான் கிளம்பும். சில கிலோமீட்டர் போனதும் எண்ணெய் விரிந்து, போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி, பிரேக் தானாகப் பிடிக்க ஆரம்பிக்கும். பிடித்தால் இன்னும் சூடு, இன்னும் அழுத்தம். வண்டி இழுக்காமல் கனக்கும், சக்கரத்திலிருந்து கருகல் வாடை வரும். கடைசியில் எண்ணெய் கொதித்தால் மிதிக்கும்போது பெடல் தரையில் போய் நிற்கும். கொஞ்ச நேரம் நிறுத்தி ஆறவிட்டால் ஒன்றும் நடக்காதது மாதிரி ஆகிவிடும். இதனால்தான் பலருக்கு இது பிடிபடுவதில்லை.

ஆகவே, சுவிட்ச் பெடலை நிறுத்தக் கூடாது. பெடல்தான் சுவிட்சைத் தொட வேண்டும். மரை போட்ட பழைய வகை சுவிட்ச் என்றால், பொத்தான் முழுசாக அமுங்கும் வரை முறுக்கிவிட்டு, பிறகு கால் பங்கு சுற்று பின்னுக்குத் திருப்பி லாக் நட்டை இறுக்குவது வழக்கம். சுவிட்சின் உடலுக்கும் ஸ்டாப்பருக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ மயிரிழை இடைவெளி நிற்கும். உங்கள் வண்டிக்கான சரியான அளவு சர்வீஸ் கையேட்டில் இருக்கும். திருகி மாட்டும் புதிய வகையில் பொத்தானை முழுசாக வெளியே இழுத்துவிட்டு, பெடலை அதன் இடத்தில் வைத்துக்கொண்டு சுவிட்சைச் செருகித் திருப்பினால் தானே அளவு பிடித்துக்கொள்ளும். இந்த வகையில் பல சுவிட்சுகளை ஒரு முறை கழற்றினால் மீண்டும் போடக் கூடாது, புதிதுதான் போட வேண்டும். பழையதையே திரும்ப மாட்டிவிட்டு லைட் அணையவில்லை என்று வருகிறவர்கள் உண்டு.

பெடலைக் காலால் தூக்கினால் லைட் அணைகிறது, ஆனால் ஸ்டாப்பரும் சரியாக இருக்கிறது என்றால் நிலைமை கொஞ்சம் தீவிரம். பெடல் ஏன் தானாக வரவில்லை? திரும்பி இழுக்கும் ஸ்பிரிங் அறுந்திருக்கலாம் அல்லது கொக்கியிலிருந்து கழன்றிருக்கலாம். பெடல் ஊஞ்சலாடும் அச்சில் துரு ஏறி இறுகியிருக்கலாம். ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்ட தரை மேட் சுருண்டு பெடலை மாட்டியிருக்கலாம். இதை முதலில் பார்த்துவிடுங்கள், ஒரு நிமிஷ வேலை. சமீபத்தில் மாஸ்டர் சிலிண்டரையோ, மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டரையோ மாற்றியிருந்தால், நடுவில் தள்ளும் கம்பியான புஷ் ராடின் நீளம் தவறாக வைக்கப்பட்டிருக்கலாம். அல்லது பூஸ்டரே உள்ளே சிக்கி, விட்ட பிறகும் தள்ளிக்கொண்டிருக்கலாம். இந்த நேரங்களில் பிரேக் லைட் பொய் சொல்லவில்லை. பிரேக் உண்மையிலேயே கொஞ்சம் பிடித்தபடிதான் இருக்கிறது என்பதை அது வெளியே காட்டுகிறது. லைட்டை மட்டும் அணைத்துவிட்டு ஓட்டுவது, நோயை விட்டுவிட்டுக் காய்ச்சலை மட்டும் மறைப்பது மாதிரி.

சக்கரம் பிடிக்கிறதா என்று சோதிப்பது சுலபம். முடிந்தவரை பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி, சமதரையில் வண்டியைத் தானாக உருண்டு நிற்கவிடுங்கள். வழக்கத்தைவிடச் சீக்கிரம் நின்றால் சந்தேகம். இறங்கி ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் உள்ளங்கையைக் கொண்டுபோங்கள்; தொடாதீர்கள், டிஸ்க் சுட்டுவிடும். நான்கிலும் அனல் அடித்தால் பெடல், பூஸ்டர், மாஸ்டர் சிலிண்டர் பக்கம் கோளாறு. ஒன்றில் மட்டும் அடித்தால் அந்தச் சக்கரத்தில் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பர் அல்லது ஹேண்ட் பிரேக் கேபிள். அதற்கும் பிரேக் லைட்டுக்கும் சம்பந்தம் இல்லை. அனல் இருந்தால் ஓட்டிக்கொண்டே பழுது பார்க்கலாம் என்று நினைக்காமல் அப்படியே நிறுத்திவிட்டு ஆள் கூப்பிடுங்கள்.

சரி, பெடலைத் தூக்கியாயிற்று, பொத்தானையும் விரலால் அமுக்கியாயிற்று, லைட் அணையவில்லை. இப்போது சுவிட்சில் ஒயர்களோடு செருகியிருக்கும் கனெக்டரை உருவுங்கள். அணைந்தால் சுவிட்சுக்குள் தொடர்பு முனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. மெக்கானிக் சொன்னதுதான் சரி, மாற்றிவிடுங்கள். முனைகள் ஏன் ஒட்டுகின்றன? இழை பல்பு குளிர்ந்திருக்கும்போது முதல் நொடியில் வழக்கத்தைப்போலப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். ஒவ்வொரு மிதிக்கும் சுவிட்சுக்குள் ஒரு சின்னத் தீப்பொறி. ஆயிரக்கணக்கான தடவைக்குப் பிறகு முனை உருகிப் பற்றிக்கொள்கிறது. அதிக வாட் பல்பு போட்டவர்களுக்கும், டிரெய்லர் விளக்கைச் சேர்த்து இழுத்தவர்களுக்கும் இது சீக்கிரம் வரும். அப்படி ஏதாவது செய்திருந்தால் அதைச் சரிசெய்யாமல் புது சுவிட்ச் மட்டும் போட்டால் அதுவும் அதே வழியில் போகும். கழற்றிய சுவிட்சை மல்டிமீட்டரில் பார்க்க வேண்டுமா? இரண்டு ஒயர் சுவிட்சில் பொத்தானை விட்டால் தொடர்பு கிடைக்க வேண்டும், அமுக்கினால் அறுபட வேண்டும். ஒரு தடவை பார்த்து முடிவு செய்யாமல், லேசாகத் தட்டித் தட்டிப் பல தடவை பாருங்கள். விட்டு விட்டு ஒட்டுகிற சுவிட்ச்தான் அதிகம் ஏமாற்றும். நான்கு ஒயர் சுவிட்சில் இரண்டு ஒயர் இப்படி, மற்ற இரண்டும் இதற்கு நேர்மாறாக வேலை செய்யும், குழம்ப வேண்டாம்.

கனெக்டரை உருவிய பிறகும் எரிந்தால் சுவிட்சை மறந்துவிடுங்கள். மின்சாரம் வேறு வழியில் உள்ளே வருகிறது. உங்கள் வண்டியில் பிரேக் லைட்டுக்கு ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) இருந்தால் அது ஒட்டியிருக்கலாம். அதே எண் போட்ட இன்னொரு ரிலேயை, உதாரணமாக ஹாரனுடையதை, இடம் மாற்றிப் போட்டுப் பார்ப்பது விரைவான சோதனை. புதிய வண்டிகளில் சுவிட்ச் நேராக லைட்டை எரிக்காது. கட்டுப்பாட்டுக் கணினிக்கு ஒரு சைகை மட்டும் அனுப்பும், லைட்டைப் போடுவது கணினி. அங்கே கனெக்டர் சோதனையை முழுசாக நம்ப முடியாது. சைகை வராவிட்டால் பாதுகாப்புக்காக லைட்டை எரியவிடும் வண்டிகளும் உண்டு. அந்த வகை வண்டிகளுக்கு, கணினியில் பதிவானதைப் படித்துக் காட்டும் ஸ்கேனர்தான் சரி. திரையில் பெடலைத் தொடாதபோது பிரேக் மிதிக்கப்பட்டதாகக் காட்டுகிறதா என்று நேரடி அளவைப் பாருங்கள். பிழைக் குறியீடு பி0504 இருந்தால் சுவிட்சின் இரண்டு சைகைகளும் ஒத்துப்போகவில்லை. பி0571 என்றால் பிரேக் சுவிட்ச் சுற்றில் கோளாறு. வேகத்தைத் தானே சீராக வைத்திருக்கும் குரூஸ் கண்ட்ரோல் பிடிக்காமல் போவதும், டாஷ்போர்டில் சறுக்கல் தடுப்பு விளக்கு எரிவதும் இந்தக் கோளாறோடு சேர்ந்து வரலாம். பிரேக் மிதிபட்டிருக்கிறது என்று கணினி நம்பும்போது குரூஸை அனுமதிக்காது.

கணினி வண்டியில் கணினியையே மாற்றச் சொன்னால் அவசரப்படாதீர்கள். 2014 மே மாதம் ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்காவில் சுமார் 24 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. மிதிக்காதபோது பிரேக் லைட் எரிவது, மிதித்தால் எரியாதது இரண்டுமே அதில் இருந்தன. காரணம், கட்டுப்பாட்டுக் கணினியில் செருகும் கனெக்டரின் ஊசிகளில் அதிர்வினால் ஏற்பட்ட அரிப்பு. மின்தடை கூடியதும் பெடல் சென்சாரின் அளவு தடுமாறியது. கனெக்டரைக் கழற்றி, ஊசிகளைப் பார்த்து, மின்தொடர்புக்கான கிளீனர் அடித்துச் செருகிப் பார்ப்பதற்குச் செலவு மிகக் குறைவு. அதைச் செய்த பிறகு பெரிய உதிரிபாகத்தைப் பற்றிப் பேசலாம்.

இனி வண்டியின் பின்பக்கம். இங்கே எந்த லைட் எரிகிறது என்பதே பாதி விடை. மேலே நடுவில் இருக்கும் மூன்றாவது லைட் பிரேக்குக்கு மட்டுமே உள்ளது. அது அணைந்திருக்க, கீழே இரண்டு பக்கமும் மங்கலாக எரிந்தால் அது டெயில் லைட்டாக இருக்கலாம்; ஹெட்லைட் சுவிட்சைப் பாருங்கள். சாவியை எடுத்த பிறகு ஒரு பக்கம் மட்டும் எரிந்தால், இன்டிகேட்டர் லீவர் ஒரு பக்கம் சாய்ந்தபடி நிற்கிறதா பாருங்கள். சில கார்களில் சாலையோரம் நிறுத்துவதற்கான பார்க்கிங் லைட் அப்படித்தான் வேலை செய்யும். லீவரை நடுவில் வைத்தால் போய்விடும்.

ஹெட்லைட் போட்டால் மட்டும் பிரேக் லைட்டும் சேர்ந்து எரிகிறது, போடாவிட்டால் இல்லை என்றால் கை நேராகப் பல்புக்குப் போக வேண்டும். பல வண்டிகளில் டெயில், பிரேக் இரண்டுக்கும் ஒரே பல்பு. உள்ளே 5 வாட், 21 வாட் என்று இரண்டு இழை. அடியில் இரண்டு ஈயப் புள்ளி இருக்கும். ஒற்றை இழை பல்புக்கு அடியில் ஒரே புள்ளி, அதுவும் நடுவில். யாராவது அவசரத்துக்கு ஒற்றைப் புள்ளி பல்பை இரட்டை ஹோல்டரில் அமுக்கித் திருகியிருந்தால், அந்த ஒற்றைப் புள்ளி ஹோல்டரின் இரண்டு முனைகளையும் பாலமாக இணைத்துவிடும். டெயில் லைட் மின்சாரம் பிரேக் ஒயருக்குள் ஏறி, மூன்று பிரேக் லைட்டையும் எரிக்கும். இதை உறுதிசெய்ய அழகான ஒரு வழி உண்டு: எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு இருட்டில் பிரேக்கை மிதியுங்கள். டாஷ்போர்டு வெளிச்சமும் நம்பர் பிளேட் விளக்கும் கூடவே எரிந்தால் பல்புதான் திருடன். சரியான பல்பே போட்டிருந்தாலும், அறுந்த இழை உள்ளே சாய்ந்து மற்ற இழையில் பற்றிக்கொண்டால் இதே அறிகுறி வரும். பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

லேசாக மட்டும் ஒளிர்ந்தால் எர்த், அதாவது மின்சாரம் வண்டியின் உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் தொடர்பு, சரியில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். டெயில் லைட்டுக்குப் போன மின்சாரம் திரும்பிப் போக எர்த் கிடைக்காமல், பிரேக் இழை வழியாகப் பின்னோக்கி ஓடி, அடுத்த பக்கத்து விளக்கில் எர்த்தைத் தேடும். விளக்குக் கூட்டைத் திறந்து, பச்சை பிடித்த எர்த் முனையைச் சுரண்டி இறுக்கினால் போதும். எல்.இ.டி. பல்பு மாற்றிய பிறகு மங்கலாக ஒளிர்ந்தால் அது வேறு கதை. பல்பு உயிரோடு இருக்கிறதா என்று கணினி சோதிக்க அனுப்பும் சிறு மின்சாரம் இழை பல்பைத் தொடக்கூட முடியாது, எல்.இ.டி.க்கு அதுவே போதும். அந்த வண்டிக்கென்று செய்த பல்பைப் போடுவதுதான் தீர்வு.

டிக்கிக் கதவில் விளக்கு இருக்கும் வண்டிகளில் கீல் அருகே ரப்பர் குழாய்க்குள் போகும் ஒயர்களையும் உருவிப் பாருங்கள். ஆயிரம் முறை மடிந்து விரிந்து தோல் வெடித்து, செம்பு செம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். கதவைத் திறந்து மூடும்போது லைட் மாறி மாறி அணைந்து எரிந்தால் இடம் அதுதான். டிரெய்லர் சாக்கெட், பிறகு சேர்த்த அலாரம் இரண்டையும் தற்காலிகமாகக் கழற்றிப் பார்ப்பதும் நல்லது.

கோளாறே இல்லாமல் எரியும் சந்தர்ப்பங்களும் உண்டு. ஆட்டோ ஹோல்டு உள்ள வண்டி சிக்னலில் நிற்கும்போது காலை எடுத்தாலும் பிரேக் லைட் எரியும். பிரேக்கை வண்டியே பிடித்திருக்கிறது. மின்சார வண்டிகளில் ஆக்சிலரேட்டரை விட்டாலே வேகம் குறையும். ஐ.நா. வாகன விதிகளின்படி அந்த வேகக் குறைவு நொடிக்கு நொடி 1.3 மீட்டரைத் தாண்டினால், அதாவது ஒரு நொடியில் மணிக்கு 4.7 கிலோமீட்டர் அளவுக்குக் குறைந்தால், பிரேக் லைட் எரிந்தே ஆக வேண்டும். பின்னால் வருபவர் அதைப் பார்த்துச் சொன்னால் பயப்பட வேண்டாம். வண்டி நின்று, அணைத்துப் பூட்டிய பிறகும் வெகுநேரம் எரிந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இரு சக்கர வண்டியில் சுவிட்ச் இரண்டு: முன் லீவரில் ஒன்று, பின் பிரேக்கில் ஒன்று. எது என்று அறிய ஒவ்வொன்றாகக் கனெக்டரை உருவிப் பாருங்கள். பின் சுவிட்ச் கால் பெடல் வகை என்றால் சின்ன ஸ்பிரிங் ஒன்று அதை இழுக்கும். பெடல் உயரத்தை மாற்றியிருந்தால், பெடலைத் தொடாமலே ஸ்பிரிங் இழுபட்டு நிற்கும். சுவிட்சைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் நட்டைத் திருகிச் சுவிட்சைக் கொஞ்சம் இறக்கினால் சரியாகும். நட்டைத்தான் திருக வேண்டும். சுவிட்சின் உடலைத் திருகினால் ஒயர் முறுக்கி அறுந்துவிடும். முன் லீவரை வெளியில் வாங்கி மாற்றியிருந்தால் அது சுவிட்சின் பொத்தானை முழுசாக அமுக்காமல் நிற்பது சகஜம். மழைக்கும் தண்ணீர்க் கழுவலுக்கும் பிறகு மட்டும் வந்து, காய்ந்ததும் போனால் சுவிட்சுக்குள் தண்ணீர் புகுகிறது. சுத்தம் செய்து பார்க்கலாம். பெரும்பாலும் மாற்றும்படிதான் ஆகும்.

பழைய கார்கள் சிலவற்றிலும் சில பைக்குகளிலும் பெடலில் சுவிட்ச் இருக்காது. எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் சுவிட்ச் பிரேக் குழாயிலேயே இருக்கும். அங்கே லைட் அணையவில்லையென்றால் குழாயில் அழுத்தம் மிச்சம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காற்று பிரேக் லாரி, பஸ்களிலும் இதே தத்துவம்தான், எண்ணெய்க்குப் பதில் காற்று. அந்த சுவிட்சைக் கழற்றுவது அழுத்தம் இருக்கும் குழாயைத் திறப்பது ஆகும், எனவே பழகியவரிடம் விடுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சாவி எடுத்த பிறகும் எரிகிறது, ஹெட்லைட்டோடு சம்பந்தம் இல்லை, பேட்டரியைக் காலி செய்யும் அளவுக்கு முழு வெளிச்சம். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் கோளாறு பெடல் அருகேதான் இருக்க வாய்ப்பு அதிகம். மெக்கானிக்கிடம் போகும் முன் தரை மேட்டைத் தூக்கிப் பாருங்கள், பிறகு காலால் பெடலைத் தூக்கிப் பாருங்கள். வேலை முடிந்ததும் அவரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: லைட் அணைந்ததா என்பதோடு, பெடலுக்கும் சுவிட்சுக்கும் இடைவெளி விட்டாரா என்று. வண்டியை எடுத்ததும் அரை மணி நேரம் ஓட்டி, நான்கு சக்கரத்தின் சூட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு லேசாக, பெடலில் காலை வைத்த மாதிரி மட்டும் மிதித்து, அந்த அளவுக்கே லைட் எரிகிறதா என்று பின்னால் ஒருவரை நிறுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். பாதி மிதித்த பிறகுதான் எரிகிறது என்றால் சுவிட்சின் அளவு சரியில்லை, திரும்ப வைக்கச் சொல்லுங்கள்.